இடுப்பில் கட்டிய துண்டு

தலைவராக விரும்புகிறவர் அனைவருக்கும் தொண்டராக வேண்டும் என்பது ஆண்டவர் இயேசு தம் சீடருக்கு வகுத்தளித்த நெறி. அந்நெறிக்குப் 'பணியாளர் தலைமை' என்று பெயரிட்டு, அதற்கான பயிற்சியைத் திருச்சபைகள் பலவும் இன்று அளித்து வருகின்றன. லூத்தரன் சபைகளில் திருப்பணியாற்றும் பெண்களை இத்தகைய தலைமைக்கு உருவாக்கும் முயற்சியும் அவற்றுள் ஒன்று. முயற்சி நல்லதே. ஆயினும், அதன் அடியில் ஓர் அறவியல் வினா கிடக்கிறது. பிறந்த நாள்முதல் பிறருக்குப் பணிவிடை செய்யவே பழக்கப்பட்ட ஒருவரிடம், "பணியாளராய் இரு" என்று சொல்வது அவருக்கு நற்செய்தி ஆகுமா? பழைய நுகத்துக்குப் புதிய பெயர் சூட்டுவதாக அது முடிந்துவிடாதா?

இவ்வினாவுக்கு விடை காண, நம் பிரிந்த சகோதரரின் வரலாறே நமக்குத் துணை செய்கிறது.

நம்பிக்கை கொண்டோர் அனைவரும் குருக்களே என்று மார்ட்டின் லூத்தர் போதித்தார். ஆயினும், 16ஆம் நூற்றாண்டில் அவர் வழி நின்ற நாடுகளில் துறவு மடங்கள் பெரும்பாலும் மூடப்பட்டபோது, இல்லத்துக்கு வெளியே திருப்பணி ஆற்றப் பெண்களுக்கு இருந்த வழியும் ஏறத்தாழ அடைபட்டது. அவ்வழி மீண்டும் திறக்க மூன்று நூற்றாண்டுகள் ஆயின. லூத்தரன், சீர்திருத்தச் சபைகள் ஒன்றிணைந்த பிரஷ்ய நாட்டுத் திருச்சபையின் போதகர் தியடோர் ஃபிளீட்னரும் அவர் துணைவியார் ஃபிரெடரிக்காவும், 1836ஆம் ஆண்டு ரைன் நதிக்கரையிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் சிற்றூரில் திருத்தொண்டர் சகோதரிகளுக்கான இல்லத்தைத் தொடங்கினர். 1851இல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பயிற்சி பெற்றதும் அங்கேதான். 1854இல் லூத்தரன் போதகர் வில்ஹெல்ம் லோகே பவேரியாவில் இத்தகைய இல்லமொன்றை நிறுவினார்.

நோயாளர், கைதிகள், அநாதைக் குழந்தைகள் எனக் கைவிடப்பட்டோர் அனைவரும் இச்சகோதரிகளின் பராமரிப்பைப் பெற்றனர். மணமாகாத பெண்ணுக்குக் கல்வியும் தொழிற்பயிற்சியும் சமூக மதிப்பும் அரிதாயிருந்த அக்காலத்தில் இம்மூன்றும் அவர்களுக்கு அங்கே கிட்டின. நோயிலும் முதுமையிலும் இல்லம் அவர்களைத் தாங்கியது. ஆனால், ஊதியம் இல்லை. சிறு கைச்செலவுப் பணம் மட்டுமே உண்டு. எங்குச் செல்வது, என்ன பணி செய்வது என்பதை இல்லத்தின் தலைமையே தீர்மானித்தது.

பணி செய்யக் கிடைத்த பேறே தமக்குரிய கூலி என்னும் கருத்தமைந்த வாசகம் ஒன்றை லோகே இச்சகோதரிகளுக்கென எழுதினார். அழகிய கருத்து, ஆழ்ந்த ஆன்மிகம். ஆயினும், அதைச் சொல்பவர் யார் என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறிவிடுகிறது. நோயாளியின் கட்டிலருகே நிற்கும் சகோதரி தம் உள்ளத்துள் அதைச் சொல்லும்போது அது அன்பின் உச்சம். அவருக்குக் கூலி கொடுக்கக் கடமைப்பட்டவர் அதையே அவரிடம் சொன்னால் அது அநீதி. ஒரே வாசகம் ஒருவர் வாயில் செபமாகவும் மற்றவர் வாயில் சுரண்டலாகவும் ஆகிறது.

நமக்கு அருகிலுள்ள குண்டூரின் வரலாறும் சிந்திக்கத்தக்கது. அமெரிக்க லூத்தரன் மறைப்பணியாளரான அன்னா கூக்ளர் அம்மையார் 1883இல் அங்கு வந்தார். அவர் பட்டம் பெற்ற மருத்துவர். ஆயினும், மருத்துவப் பணியைத் தொடங்க அவரை அனுப்பிய குழுவினர் அப்போது ஆயத்தமாயில்லை. பெண்களுக்குக் கற்பிக்கும் பணிக்கென்றே அனுப்பினர். அவரோ மருத்துவக் கருவிகளையும் உடன் கொண்டுவந்தார். 1885இல் சபை அவரை மருத்துவப் பணியாளராக முறைப்படி நியமித்தது. 1898இல் மருத்துவமனை எழுந்தது. தொண்டு செய்யும் மனமும் திறனும் அவரிடம் தொடக்கமுதலே இருந்தன. அவை பலருக்கும் பயன்படும் நிறுவனமாக வளர, அவருக்குரிய பொறுப்பைச் சபை அவர் கையில் கொடுக்க வேண்டியிருந்தது.

இங்கேதான் யோவான் நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரம் நமக்கு ஒளி தருகிறது. சீடர்களின் பாதங்களைக் கழுவ இயேசு எழுந்ததைச் சொல்லும் முன், தந்தை அனைத்தையும் தம் கையில் ஒப்படைத்துள்ளார் என்பதை அவர் அறிந்திருந்தார் என்று நற்செய்தியாளர் குறிப்பிடுகிறார். அதன் பிறகே மேலாடையைக் கழற்றியதும் துண்டை இடுப்பில் கட்டியதும் வருகின்றன. இந்த வரிசையை நாம் கவனியாது விடலாகாது. துண்டை இடுப்பில் கட்டுவதன் பொருளைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. மேல்சாதியார் எதிரே தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டும்படி ஒடுக்கப்பட்ட மக்கள் வற்புறுத்தப்பட்ட வரலாறு நம்முடையது. அம்மக்கள் கட்டியதும் துண்டு. ஆண்டவர் கட்டியதும் துண்டு. முன்னதில் உரிமை பறிக்கப்பட்டது. பின்னதில் உரிமையுள்ளவர் தம்மையே கையளித்தார். இரண்டையும் 'பணிவு' என்று ஒரே பெயரால் அழைப்பது ஆண்டவரின் செயலுக்கே இழுக்கு.

"மரியன்னை தம்மை ஆண்டவரின் அடிமை என்றாரே, பெண்ணுக்கு அதனினும் மேலான மாதிரி உண்டோ?" என்று நம்முள் சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். ஆயினும், அவ்வன்னை வானதூதரிடம் முதலில் ஒரு வினா எழுப்பினார். விளக்கம் கேட்டபின் தம் இசைவை அளித்தார். அந்த இசைவுக்காக இறைவனே காத்திருந்தார் என்பது திருச்சபைத் தந்தையரின் சிந்தனை. கேட்கவும் மறுமொழி கூறவும் இடமுள்ள இதயத்திலிருந்தே அவருடைய அடிமைத்தனம் பிறந்தது.

பின்னாளில் லூத்தரன் சபைகள் பல, பெண்களுக்குத் திருநிலைப் பணியையும் அளித்தன. சுவீடன் திருச்சபை 1958இல் தீர்மானித்து 1960இல் மூவரைத் திருநிலைப்படுத்தியது. 1992இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் மரியா யெப்சன் ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். உலக லூத்தரன் சபைகளில் ஆயரான முதல் பெண் அவரே. குருத்துவத் திருநிலைப்பாடு பற்றிய நம் படிப்பினை வேறு; திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1994இல் அதை மீண்டும் உறுதிப்படுத்தினார். அவ்விவாதம் இங்கு நம் பொருளன்று. அதிகாரம் கிடைத்தபின் அதன் கடமை என்ன என்பதே நாம் நோக்க வேண்டியது. தம் ஆட்சிக்குட்பட்ட பகுதியில் நிகழ்ந்த பாலியல் கொடுமை பற்றிய புகாரை உரியவாறு கையாளவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டபோது, யெப்சன் அதை மறுத்தார். ஆயினும், தம் நம்பகத்தன்மை ஐயத்துக்குள்ளானதால் 2010இல் பதவி துறந்தார். பொறுப்பு என்பது கணக்குக் கொடுப்பதுமாகும். அக்கடமை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே.

பணியாளர் தலைமை என்னும் சொல்லைப் பரவலாக்கிய அமெரிக்கர் ராபர்ட் கிரீன்லீஃப், 1970இல் எழுதிய கட்டுரையில் அதற்கோர் உரைகல் தந்தார். பணிவிடை பெறுவோர் வளர்கின்றனரா, அதிக உரிமை பெறுகின்றனரா என்று பாருங்கள் என்பது அவர் கருத்து. இதனோடு நாம் மற்றொன்றையும் சேர்ப்போம்: பணிவிடை செய்பவர் வளர்கின்றாரா?

இவ்வுரைகல்லை நம் பங்குகளில் உரைத்துப் பார்ப்போம். ஆலயத்தைப் பெருக்குவோர் யார்? மறைக்கல்வி கற்பிப்போர் யார்? நோயாளர் வீட்டுக்கு முதலில் செல்வோர் யார்? பெரும்பாலும் பெண்களே. பங்குப் பேரவையில் வரவு செலவு பேசப்படும்போது அவர்கள் குரல் கேட்கிறதா? வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிகளைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் பெண்களுக்கு நிலையாகத் திறந்துவிட்டார். 2023இல் ஆயர் மாமன்றத்தில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தனர். உரோமையில் திறந்த கதவு நம் பங்கில் இன்னும் சாத்தியிருப்பது முறையன்று.

ஆகவே, பணியாளர் தலைமை பற்றிய பாடத்தை ஏற்கெனவே பணி செய்துகொண்டிருப்பவரிடம் தொடங்க வேண்டியதில்லை. பொறுப்பிலிருக்கும் குருக்களாகிய நாமும் பேரவை உறுப்பினரும் முதலில் அதைக் கற்போம். அடுத்த பேரவைக் கூட்டத்தில் கணக்கேட்டை அப்பெண்கள் முன்னும் விரித்து வைத்து, அவர்கள் கருத்தைக் கேட்டபின் முடிவெடுப்போம்.