படிகத்துக்குள் ஒரு பழைய வழக்கு

பானை மண்ணுக்குள் முன்பே இருந்ததா, குயவர் வனைந்தபோது புதிதாகப் பிறந்ததா? முன்பே இருந்தது என்கிறது சாங்கியம். சைவ சித்தாந்தமும் இந்தச் சற்காரியவாதத்தை ஏற்கிறது. இல்லாத ஒன்றே தோன்றுகிறது என்பது நியாய வைசேடிகரின் கட்சி.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனும் டி.எம்.கே. நெடுங்காடியும் செய்து 1940-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழக்கில் சாட்சி சொல்லத் தக்கது. குவார்ட்ஸ் படிகம் சுமார் 573 டிகிரி செல்சியஸில் அமைப்பு மாறுகிறது. அந்த வெப்பநிலையை நெருங்க நெருங்க, படிகத்தின் ஓர் அதிர்வு தளர்ந்துகொண்டே போவதை ஒளிச்சிதறலில் அவர்கள் கண்டார்கள். மாற்றம் வருமுன்பே அதன் தடம் தெரிந்தது. சாங்கியத்துக்கு இது வலுவான சான்று.

ஹைட்ரஜன் பிணைப்புள்ள படிகங்கள் எதிர்த்தரப்புக்கும் இடம் தருகின்றன. பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டில், இரு ஆக்சிஜன்களுக்கு நடுவே ஒவ்வொரு ஹைட்ரஜனுக்கும் இரண்டு இடங்கள் உண்டு. சுமார் 123 கெல்வினுக்கு மேலே, எந்த இடம் என்பதில் ஒழுங்கில்லை. அதற்குக் கீழே அவை ஒழுங்காக இடம்பிடிக்கின்றன. பொட்டாசியமும் பாஸ்பரஸும் சற்றே நகர, படிகத்துக்குத் தானாகவே மின்முனைவு வந்துவிடுகிறது.

தனி ஹைட்ரஜன் ஒன்றில் அந்த ஒழுங்கைத் தேடினால் கிடைக்காது. அது கூட்டத்தின் குணம்.

ஆக, சாத்தியம் பொருளுக்குள் முன்பே இருக்கிறது. ஒழுங்கு புதிதாகப் பிறக்கிறது. இரு தரப்புக்கும் பாதி வெற்றி. நம் மெய்யியல் வகுப்புகளில் மண்பானையோடு இந்தப் படிகத்தையும் பாடமாக வைக்க வேண்டும்.