ஆயுதம் ஏந்தியவரும் ஏந்தாதவரும்

அநீதி வேரூன்றிவிட்ட நாட்டில் ஒடுக்கப்பட்டவன் ஆயுதம் ஏந்தலாமா? மறுகன்னத்தைக் காட்டச் சொன்ன ஆண்டவரைப் பின்பற்றும் நமக்கு இக்கேள்வி எளிதன்று. 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி ஏடு இதற்கு ஒரே சொல்லில் விடை கூறவில்லை. ஐந்து நிபந்தனைகளை ஒருங்கே வைக்கிறது. அடிப்படை உரிமைகள் ஐயத்துக்கிடமின்றி, கடுமையாக, நெடுங்காலம் மீறப்பட்டிருக்க வேண்டும்; பிற வழிகள் யாவும் முயன்று தீர்ந்திருக்க வேண்டும்; அதனினும் பெரிய சீர்குலைவு விளையலாகாது; வெற்றிக்குத் தக்க நம்பிக்கை வேண்டும்; இதனினும் நல்ல தீர்வு புலப்படாதிருக்க வேண்டும். ஏட்டில் இவை தெளிவாகவே உள்ளன. வரலாற்றின்மீது வைத்துப் பார்க்கும்போதுதான் கை தயங்குகிறது.

இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கு எல்லையிலுள்ள வசீரிஸ்தான் மலைநாட்டில் தோன்றியவர் மிர்சா அலி கான். பத்தானியரின் வசீர் குலத்தவர், சமயப் பெரியார். இப்பி என்னும் சிற்றூரில் வாழ்ந்தமையால் 'இப்பி பக்கீர்' எனப்பட்டார். இஸ்லாத்தைத் தழுவி முஸ்லிம் ஒருவரை மணந்த இந்துச் சிறுமியை, உரிய வயதை எட்டாதவள் என்று கூறி, 1936இல் ஆங்கிலேய நீதித்துறை பெற்றோரிடமே ஒப்படைத்தது. பக்கீர் கிளர்ந்தெழுந்தார். அவ்வாண்டு நவம்பரில் கைசோரா பள்ளத்தாக்கில் நுழைந்த படை தாக்குண்டது. 1937 ஏப்ரலில் சாகூர் தங்கி என்னும் மலையிடுக்கில் இராணுவ வண்டித் தொடரொன்று பேரிழப்புக்குள்ளாயிற்று. ஏறத்தாழ 40,000 போர்வீரரை அரசு அங்குக் குவித்தது. துண்டறிக்கைகளால் எச்சரித்தபின் வானூர்திகள் ஊர்கள்மீது குண்டு பொழிந்தன. பக்கீரோ பிடிபடவேயில்லை. ஆப்கான் எல்லையை ஒட்டிய குர்வேக் குகைகளில் தங்கி, 1947க்குப் பின் பாகிஸ்தானையும் எதிர்த்து, 1960இல் இயற்கை மரணம் எய்தினார்.

இவரை எப்படித் தீர்ப்பிடுவது? குற்றத்தின் முதற்பங்கு யாருடையது என்பதில் ஐயமில்லை. அழையாமல் வந்து, பிறர் மண்ணைப் படைவலியால் ஆண்டு, குடியிருப்புகளின்மீது வானிலிருந்து நெருப்பை வீசியவர்களுக்கு ஒழுக்கம் போதிக்கும் தகுதி இல்லை. ஆனால் எதிரியின் பாவம் நம் கைகளைத் தூயவையாக்கிவிடுமா? 1938இல் பக்கீரின் அணியைச் சார்ந்தோர் பன்னு நகருள் புகுந்து சூறையாடியபோது, துன்புற்றவர்களுள் கடை வைத்துப் பிழைத்த எளிய இந்துக்களும் இருந்தனர். அச்சிறுமியின் வாழ்வோ இருதரப்பாரின் மானப் போராட்டத்துக்குள் மறைந்துபோயிற்று.

பிற வழிகள் தீர்ந்துவிட்டனவா? அதே பத்தானியரிடையே அதே காலத்தில் வாழ்ந்தவர் கான் அப்துல் கபார் கான். 1929இல் அவர் தொடங்கிய 'குதாய் கித்மத்கார்' என்னும் இறைப்பணியாளர் இயக்கத்தில், பழிக்குப் பழி வாங்குவதை மானமாகக் கருதிய மக்கள் பழிவாங்குவதில்லை என்று உறுதி பூண்டனர். 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவர் கிஸ்ஸா குவானி கடைவீதியில் நிராயுதபாணிகள் சுடப்பட்டனர். அப்போது கர்வாலிப் படைவீரர் சிலர் சுட மறுத்துத் தண்டனை ஏற்றனர். வெறுங்கையோடு நின்றோரின் துணிவு எதிரணியிலிருந்தவரின் மனச்சான்றைத் தட்டி எழுப்பிற்று. பதுங்கியிருந்து தாக்குபவனால் இதைச் செய்ய இயலாது. அவன் எதிரிக்கு அச்சத்தைத் தரலாம், மனமாற்றத்தைத் தர இயலாது.

எனினும் அறவழி எளிதில் வென்றது என்று நாம் நம்மை ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். ஆங்கிலேயர் போனபின் கபார் கான் பாகிஸ்தான் சிறைகளிலும் பல ஆண்டுகள் கழித்தார். இருவருமே தாம் விரும்பிய நாட்டைக் காணாமல் மறைந்தனர். ஆகவே வெற்றியை மட்டும் வைத்து வழிகளை அளக்க முடியாது. ஒவ்வொரு வழியும் யாரைப் பலியிட்டது என்று கேட்பதே நற்செய்திக்கு ஏற்ற கேள்வி. ஒருவழியில் குற்றமற்ற பிறரும் பலியாயினர். மறுவழியில் நடந்தோர் தம்மையே பலியாக்கினர். கல்வாரியை அறிந்த நமக்கு இவ்வேறுபாடு புரியாததன்று.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. வசதியான இருக்கையிலிருந்து ஏழைக்கு அகிம்சையைப் போதிப்பது அறமாகாது. ஆயுதத்தைக் கீழே போடு என்று சொல்பவர், அவ்வேழையின் அருகே வெறுங்கையோடு நிற்கவும் முன்வர வேண்டும். அப்படி நிற்க நம்மில் எத்தனை பேர் ஆயத்தமாயிருக்கிறோம்?