எந்தத் தெரு?

தா.பழூர் கடைவீதியில் முன்பின் தெரியாதவர் வந்து உட்கார்ந்தால், "எந்த ஊரு?" என்று கேட்கிறோம். அதில் குற்றமில்லை, ஊர் தெரிந்தால் பேச்சு ஓடும். அடுத்து, "ஊர்ல எந்தத் தெரு?" என்கிறோமே, அங்கேதான் பேச்சு செத்துப்போகிறது. கேட்பவருக்கு வேண்டியது சாதி. வந்தவருக்கும் அது புரியும். பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாக் கேள்வியும் அப்படிப் பேச்சைக் கொல்வதில்லை. மதனத்தூர்ப் பாலத்தில் கொள்ளிடத்தைத் தாண்டிப் போனால் கும்பகோணம். 1880 அக்டோபரில் அங்கே முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையரிடம், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயருக்கு வயது 25. அரியலூரிலும் குன்னத்திலும் பிள்ளைப் பருவத்தில் தமிழ் படித்து, பின்பு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கினார். முதலியார் மசியவில்லை. இவற்றால் என்ன பயன் என்றார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். ஐயர் படித்ததில்லை.

சுருக்கென்று தைக்கிற கேள்விதான். அத்தோடு விட்டிருந்தால் மனக்கசப்பு மட்டுமே மிஞ்சியிருக்கும். ஆனால் முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியை ஐயரிடம் கொடுத்தார். தமக்கு அதைப் பாடம் சொல்லும்படி கேட்டார். கூடவே உட்கார்ந்து படித்தார். அந்த நூலைச் சொல்லித்தர ஆள் கிடைக்காமல் தவித்தவர் அவர். எதிராளியின் குறையை அம்பலப்படுத்தக் கேட்பவன் பதிலுக்காகக் காத்திருப்பதில்லை. முதலியார் காத்திருந்தார். அதனால்தான் ஐயர் அவரை விட்டு விலகவில்லை.

பிறகு ஐயரும் கேட்கத் தொடங்கினார். சிந்தாமணி சமண நூல். சைவ மடத்தில் படித்தவருக்குப் பல இடங்கள் விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப்போய்ச் சந்தேகம் கேட்டார். கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், வேற்றுச் சமயத்தார் முன் மாணவராக உட்கார்ந்தார். அவர்களும் மனமுவந்து சொல்லித்தந்தார்கள். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை என்று அவர் பதிப்புகள் தொடர்ந்தன.

நம் கடைவீதிக்கும் யாரோ ஒருவர் வரத்தான் போகிறார். அவர் ஊர்ப் பக்கம் என்ன நட்டிருக்கிறார்கள், ஏரியில் தண்ணீர் கிடக்கிறதா, பிள்ளை என்ன படிக்கிறாள் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள். தெருவை மட்டும் கேட்காதீர்கள்.