வேலி யார் போடுவது?

மழை ஓய்ந்த மார்கழிக் காலை ஒன்றில் நான் ஒரு கோழியின் காலை ஒடித்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கல்லை எடுத்தவனும் நான்தான். குறி பார்த்தவனும் நான்தான்.

ஒரகடத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சிறு வீடு இருக்கிறது. ஒரு காலத்தில் வேர்க்கடலை விளைந்த மேட்டு நிலம் அது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை ஓடத் தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ - நிசான் ஆலை வந்தது. ஆலைகளின் பின்னாலேயே மனைக் கற்களும் வந்தன. அப்படி ஒரு மனையை வாங்கியவர்களில் நானும் ஒருவன். பின்புறம் பழைய ஊர். அங்கே ஒரு பாட்டி ஏழெட்டு நாட்டுக்கோழிகள் வளர்க்கிறாள். நான் வீடு கட்டுவதற்கு முன்பே அவளுடைய கோழிகள் அந்த மண்ணில் மேய்ந்துகொண்டிருந்தன.

கார்த்திகை முழுதும் அவை வந்து கிளறியபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. சாரணையும் குப்பைமேனியும் மண்டிக் கிடந்த இடம். முளைவிடும் பூண்டைக் கொத்தும், விதையைப் பொறுக்கும், பூச்சியைத் தின்னும். கூலி கேட்காத களையெடுப்பு! மார்கழியில் மண்ணைக் கொத்தி, எருவிட்டு, நாற்பது கத்திரி நாற்றுகளை நட்டேன். மறுநாள் பாதி நாற்றுகள் வேர் மேலே தெரியக் கிடந்தன.

எண்ணிப் பார்த்தால் கோழி புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. நாற்றின்மீது அதற்கு ஆசையும் இல்லை, பகையும் இல்லை. கொத்திய ஈர மண்ணில் புழு கிடைக்கும். எருவிட்ட மண்ணில் இன்னும் கிடைக்கும். அந்த விருந்தை விரித்து வைத்தவன் நான். நடுவில் நாற்று நின்றது, அவ்வளவுதான்.

பாட்டி சண்டைக்கு வரவில்லை. மஞ்சளைக் குழைத்துப் பூசி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினாள். "அதுக்கு எது செடி, எது பூண்டுன்னு யாரு சொல்லிக் குடுத்தா, தம்பி?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

'அவள் அடைத்து வளர்க்கட்டுமே' என்று என் மனம் வாதாடியது. சட்டமாவது துணைக்கு வருமா என்று புத்தகத்தைப் புரட்டினேன். பயிரை அழிக்கும் கால்நடையைப் பிடித்துப் பவுண்டில் அடைக்க 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் வழி செய்கிறது. எவை கால்நடை? யானை, ஒட்டகம், எருமை, குதிரை, கழுதை, பன்றி, ஆடு என்று பட்டியல் நீளுகிறது. கோழி இல்லை! செங்கற்பட்டுச் சீமையில் ஒட்டகம் வந்து என் நாற்றைப் பிடுங்கினால் எனக்கு நியாயம் கிடைக்கும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள் சிலவற்றில் வழக்கமே வேறு. அங்கே மாடு திரியலாம்; பயிர் வைத்தவன்தான் வேலி போட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே சட்டத்தை மூடி வைத்துவிட்டு நானே யோசிக்க வேண்டியதாயிற்று.

செடி இது, களை இது என்ற பேதம் அறிந்தவன் வேலி போட வேண்டும் என்று முதலில் தோன்றியது. அந்தப் பேதம் பாட்டிக்கும் தெரியுமே! பிறகு கணக்குப் போட்டேன். கோழியை அடைத்தால் அவள் தீவனம் வாங்க வேண்டும். திரிந்து பொறுக்கித் தின்பதால்தான் முட்டைக் காசு அவள் கையில் மிஞ்சுகிறது. முன்பு காடு மேடெல்லாம் மேய்ச்சல். இன்று மதில்களுக்கு இடையில் எஞ்சியவை எங்கள் மனைகள்தாம். எனக்கோ நாற்று வேர்பிடிக்கும்வரை காவல் இருந்தால் போதும். அதுவும் போனால் கத்திரிக்காய் கடையில் கிடைக்கும்.

கோழிக்கு உரியவர் மாடிவீட்டுக்காரராக இருந்தால் இதே தீர்ப்பைச் சொல்வாயா என்று நீங்கள் கேட்கலாம். சொல்லமாட்டேன். அவரை அடைத்து வளர்க்கச் சொல்வேன். ஆளுக்கொரு நீதியா என்றால், ஆம், வேலியின் செலவு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறதே!

மறுநாள் வேலிக்கருவை முள் வெட்டக் கத்தியும் கையுமாகக் கிளம்பினேன். பாட்டி தடுத்தாள். "வாணாம் தம்பி, முள்ளு கோழி கால்லயும் ஏறும், உங்க கால்லயும் ஏறும்" என்று சொல்லி, ஓரம் சிதைந்த பழைய பஞ்சாரங்கள் இரண்டைக் கொண்டுவந்து போட்டாள். பிழைத்த நாற்றுகளில் திடமான எட்டை நெருக்கி நட்டு, அவற்றின்மேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கட்டுப் போட்ட கோழி நொண்டி நொண்டி வந்து, பஞ்சாரத்தைச் சுற்றிக் கிளறிக்கொண்டிருக்கிறது.