நேசம் என்ற சாக்கு

2018 நவம்பர் 24 அன்று புவனோஸ் ஐரிஸ் நகரிலிருந்து வந்த காட்சிகளில் இரண்டு உலகம் முழுக்கச் சுற்றின. ஒன்று, சன்னல்கள் நொறுங்கிய ஒரு பேருந்து. ரிவர் பிளேட்டின் மொனுமென்டல் மைதானத்தை நோக்கி போகா ஜூனியர்ஸ் அணியினர் அதில் வந்துகொண்டிருந்தபோது, தெருமுனையில் கூடியிருந்த ரிவர் ரசிகர்கள் கல்லையும் பாட்டிலையும் வீசினார்கள். அணித்தலைவர் பாப்லோ பெரெஸுக்குக் கண்ணில் காயம். கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் பயன்படுத்திய புகை உள்ளே புகுந்ததில் சில ஆட்டக்காரர்கள் வாந்தியெடுத்தார்கள். இன்னொன்று, ஒரு பெண் ஒரு சிறுமியின் சட்டையைத் தூக்கி, பெரிய மத்தாப்பு போல எரியும் குழாய்களை அவள் வயிற்றைச் சுற்றி டேப் போட்டு ஒட்டும் காணொளி. வாசலில் சோதனை போடுகிறவர்கள் குழந்தையைத் தடவிப் பார்க்க மாட்டார்கள் என்ற கணக்கு.

இரண்டுக்கும் அன்று சொல்லப்பட்ட விளக்கம் ஒன்றுதான்: வெறி, ஆனால் நேசத்தால் வந்த வெறி. ஸ்பானிய மொழியில் அதற்கு ‘பாசியோன்’ என்ற சொல் இருக்கிறது. அர்ஜென்டினாவில் கால்பந்தைப் பற்றிப் பேசும் எவரும் பத்து நிமிடத்துக்குள் அந்தச் சொல்லுக்கு வந்துவிடுவார்கள். நேசம் அதிகமாக இருந்தால் செய்த செயலின் பொறுப்பு குறையுமா என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் கேட்க விரும்பும் கேள்வி. பெண்களாகிய நமக்கு இது புதிய கேள்வி இல்லை.

கால்பந்து பார்க்காத தோழிகளுக்காகச் சில வரிகள். தென் அமெரிக்காவின் கிளப்புகள் 1960 முதல் ஆண்டுதோறும் மோதும் போட்டி கோப்பா லிபெர்ட்டடோரஸ். 2018இல்தான் முதன்முறையாக அதன் இறுதிக்கு போகாவும் ரிவரும் சேர்ந்து வந்தன. இரண்டும் ஒரே நகரத்தின் கிளப்புகள். இரண்டுமே லா போகா என்ற துறைமுகப் பேட்டையில் பிறந்தவை. ரிவர் 1901இல், போகா 1905இல். ரிவர் பிறகு வடக்கே வசதியானவர்களின் பக்கம் குடிபெயர்ந்தது; 1930களில் பெருந்தொகை கொடுத்து ஆட்டக்காரர்களை வாங்கியதால் அதற்குக் ‘கோடீசுவரர்கள்’ என்று பட்டப்பெயர். போகா பிறந்த இடத்திலேயே தங்கியது. இறுதி இரண்டு ஆட்டங்கள் கொண்டது: ஒன்று உன் வீட்டில், ஒன்று என் வீட்டில், இரண்டின் கோல்களையும் கூட்டி வெற்றி. மழையால் ஒருநாள் தள்ளிப்போய் நவம்பர் 11 அன்று போகாவின் மைதானத்தில் நடந்த முதல் ஆட்டம் 2-2 என முடிந்தது. இரண்டாவதற்குப் போகும் வழியில்தான் அந்தப் பேருந்து.

பழைய கணக்கும் ஒன்று இருந்தது. 2015இல் இதே கோப்பையில் போகாவின் மைதானத்தில் ரிவர் ஆட்டக்காரர்கள் மீது மிளகுப்பொடித் திரவம் தெளிக்கப்பட்டு ஆட்டம் பாதியில் நின்றது; போகா தகுதி நீக்கம் செய்யப்பட்டது. எனவே 2018இல் போகா நிர்வாகம் அதே நியாயத்தைத் தனக்குக் கேட்டது. கிடைக்கவில்லை. இரண்டு பக்கமும் தன்னுடைய காயத்துக்குத் தேதி வைத்திருந்தது, தான் செய்த காயத்துக்கு வைத்திருக்கவில்லை. குடும்பச் சண்டைகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

‘பாசியோன்’ என்ற அந்தச் சொல்லுக்கு மைதானத்துக்கு வெளியே இன்னொரு வாழ்க்கை உண்டு. கணவனோ காதலனோ ஒரு பெண்ணைக் கொன்றால் அர்ஜென்டினப் பத்திரிகைகள் நீண்ட காலம் அதை ‘பாசியோனால் நேர்ந்த குற்றம்’ என்றே எழுதின. கொன்றவன் நேசித்தவன் என்பது செய்தியிலேயே சேர்ந்து வரும். 2012இல் பெண்கொலை, தண்டனையைக் கூட்டும் காரணமாகச் சட்டத்தில் இடம்பெற்றது. 2015 ஜூன் 3 அன்று ‘இனி ஒருத்தி கூடக் குறையக் கூடாது’ என்று லட்சக்கணக்கான பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் எதிர்த்தவற்றில் அந்தச் சொல்லும் ஒன்று. அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, பேருந்தின் கண்ணாடி நொறுங்கியபோது, அதே சொல் விளையாட்டுப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது. வீட்டுக்குள் செல்லாது என்று பெண்கள் போராடி ஒதுக்கிய சமாதானம் மைதானத்தில் மட்டும் ஏன் செல்ல வேண்டும்? ‘உன்மேல் உயிரையே வைத்திருக்கிறேன், அதனால்தான் கை நீண்டுவிட்டது’ என்று சொல்கிறவனின் வாக்கியத்தில், அந்த ‘அதனால்தான்’ எங்கிருந்து வந்தது என்பதை நாம் கேட்க வேண்டும். நேசத்துக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு மனிதன் குனிந்து கல்லைப் பொறுக்குகிறான். அந்தக் குனிதலை ‘பாசியோன்’ மறைத்துவிடுகிறது.

இந்தப் பகையின் வசைச்சொற்களையும் கொஞ்சம் பார்க்கலாம். ரிவர்காரர்களைப் போகாகாரர்கள் ‘கோழிகள்’ என்பார்கள், பெட்டைக் கோழி என்ற பொருளில். 1966இல் இதே கோப்பையின் இறுதியில் உருகுவேயின் பெனரோலிடம் 2-0 என முன்னிலையில் இருந்து 4-2 எனத் தோற்றது ரிவர். அடுத்து பான்ஃபீல்டு அணியுடன் ஆடப் போனபோது எதிரணி ரசிகர்கள் உயிருள்ள கோழி ஒன்றை மைதானத்துக்குள் விட்டார்கள். பயந்தவன் பெட்டை. ஆணைக் குறைத்துப் பேச வேண்டுமென்றால் பெண்பாலுக்கு இறக்கினால் போதும் என்பதில் ஸ்பானியத்துக்கும் தமிழுக்கும் கடல்தூரம் இல்லை. ரிவர் ரசிகர்கள் பிறகு அந்தப் பெயரைத் தாங்களே எடுத்து அணிந்துகொண்டார்கள், அது வேறு கதை. மைதானத்தில் ஆண்கள் ஒருவரையொருவர் அளக்கும்போது அளவுகோலாகக் கிடப்பது பெண்ணுடல் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அதனால்தான் அந்தச் சிறுமியின் காணொளி என்னை விடவில்லை. ஒட்டிய பெண்மீது வழக்கு வந்தது, வர வேண்டியதுதான். எரியும் பொருளைக் குழந்தையின் தோலோடு சேர்த்து ஒட்டுவதற்கு நான் விளக்கம் தேடப் போவதில்லை. பெண்களும் இந்த விசுவாசத்தைச் சுமக்கிறார்கள், அதைப் பிள்ளைகளின் உடம்பிலும் ஏற்றுகிறார்கள். ஆனால் கல்லெறிந்தவர்களில் பிடிபட்டவர்கள் சொற்பம். மற்றவர்கள் ‘ரசிகர்கள்’ என்ற பன்மைக்குள் போய்விட்டார்கள். அவளுக்கு அந்தப் பன்மை கிடைக்கவில்லை. அன்றைய பொழுதின் ஒழுக்கக்கேட்டுக்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது உலகம் எடுத்துக்கொண்ட முகம் அவளுடையது. என் வகுப்பில் இதைப் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: “அந்தப் பொண்ணு மேட்ச் பாத்துச்சா மேடம்?” சிறுமியைத்தான் கேட்டாள். பார்த்திருக்க முடியாது. ஆட்டமே அன்று நடக்கவில்லை.

தமிழ் படித்தவளுக்கு இந்த இடத்தில் கோவூர்கிழார் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் சோழர்கள். ஒருவன் முற்றுகையிட, மற்றவன் கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறான். இருவர் கழுத்திலும் ஆத்திமாலைதான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று புலவர் எடுத்துச் சொல்கிறார். ஒரே குடி என்ற வாதம் எனக்கு எப்போதுமே அரைகுறையாகத்தான் படும். புவனோஸ் ஐரிஸில் ஒரே பேட்டை, ஒரே மொழி, ஒரே உணவு மேசை என்பதே பகைக்கு எண்ணெய். அண்ணன் ரிவர், தம்பி போகா என்று பிரிந்த வீடுகள் அங்கே ஏராளம். அவருடைய இன்னொரு பாடல்தான் எனக்கு நெருக்கமானது. அதில் அவர் அடைபட்ட ஊருக்குள் பார்க்கிறார்: பாலில்லாமல் அலறும் குழந்தைகள், சூடப் பூவில்லாத பெண்கள். இரண்டு வீரர்களின் மானக் கணக்குக்கு வெளியே இருப்பவர்களைக் கணக்கில் சேர்த்த பிறகே அவர் அறத்தைப் பேசுகிறார்.

இரண்டு ஆட்டங்களாக இறுதியை வைப்பதில் ஓர் அறம் இருந்தது என்று நினைக்கிறேன். இன்று நீ என் வீட்டுக்கு வருகிறாய், நாளை நான் உன் வீட்டுக்கு. எதிரிக்கு வாசல் திறந்து, உடைமாற்ற அறை கொடுத்து, தோற்றாலும் வென்றாலும் பத்திரமாக வழியனுப்ப வேண்டும். பகைக்குள் இருக்கும் விருந்தோம்பல் அது. எதிரியை வரவேற்கத் தெரியாதவனுக்குத் தன் வீடு என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? ஆனால் 2013 முதலே அர்ஜென்டினாவில் எதிரணி ரசிகர்கள் மைதானத்துக்கு வரத் தடை இருந்தது. இந்த இறுதிக்கு அதைத் தளர்த்தலாம் என்று குடியரசுத் தலைவர் மௌரீசியோ மக்ரி விரும்பினார். கிளப்புகள் ஒப்பவில்லை. இரண்டு ஆட்டங்கள் இருந்தன, விருந்து ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

கடைசியில் இரண்டாவது ஆட்டம் டிசம்பர் 9 அன்று மாட்ரிட் நகரில் நடந்தது. கோப்பையின் பெயரே ஸ்பெயினின் ஆட்சியிலிருந்து அந்தக் கண்டத்தை மீட்ட விடுதலை வீரர்களைக் குறிப்பது. அதை ஸ்பெயினின் தலைநகரில் ஆடியதைப் பற்றி எல்லோரும் கேலி பேசி முடித்துவிட்டார்கள். கூடுதல் நேரத்தில் ரிவர் 3-1 என வென்றது, மொத்தம் 5-3. கடைசி நிமிடத்தில் போகாவின் கோல்காப்பாளரும் முன்னே போய்விட, பிட்டி மார்ட்டினெஸ் ஆளில்லாத பாதி மைதானத்தைத் தனியாக ஓடிக் கடந்து காலிக் கோலுக்குள் பந்தை அனுப்பியது அழகான காட்சிதான். அடுத்த ஆண்டு முதல் இறுதி ஒரே ஆட்டம், பொது இடத்தில். அந்த மாற்றம் இந்தக் கலவரத்துக்கு முன்பே முடிவானது.

அதே நவம்பரில் அர்ஜென்டினாவுக்கு இன்னொரு இரண்டாட்ட மோதலும் இருந்தது. பெண்கள் உலகக் கோப்பைக்குத் தகுதிபெற, தேசியப் பெண்கள் அணி பனாமாவுடன் மோதியது. நவம்பர் 8 அன்று புவனோஸ் ஐரிஸை ஒட்டிய சராந்தியில் 4-0. 13 அன்று பனாமாவில் 1-1. போகா–ரிவர் முதல் ஆட்டம் இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் வந்தது. சராந்தியில் மைதானம் நிரம்பியிருந்தது. முந்தைய ஆண்டு பயிற்சிப் படி கூடக் கிடைக்காமல் வேலைநிறுத்தம் செய்த பெண்கள் இவர்கள்.

2018 ஏப்ரலில் சிலேயில் எடுத்த அணிப் புகைப்படத்தில் அவர்கள் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து நிற்கிறார்கள்: எங்களைக் கேளுங்கள். அந்தச் சைகைக்கு ஒரு மூலம் உண்டு. 2001இல் ரிவருக்கு எதிராக கோல் போட்ட போகாவின் ரிக்கெல்மே, தன் கிளப் தலைவர் இருந்த மாடத்தின் முன்னால் போய் இப்படித்தான் காதுகளைக் குவித்து நின்றார். சம்பளத் தகராறு. அந்தத் தலைவர் மௌரீசியோ மக்ரி. ஆண்களின் பெரும்பகையிலிருந்து பெண்கள் எடுத்துக்கொள்ளத் தக்கது என்று அவர்கள் தேர்ந்தெடுத்தது ஒரு தொழிலாளியின் சைகையை. அதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

2019 ஜனவரியில் கிளப்பால் நீக்கப்பட்ட மகரேனா சான்செஸ், தன்னைத் தொழில்முறை ஆட்டக்காரியாக ஏற்கக் கோரிச் சட்ட நடவடிக்கையில் இறங்கினார். மார்ச்சில் பெண்கள் லீக் தொழில்முறையாக அறிவிக்கப்பட்டது. கிளப்புக்குக் குறைந்தது எட்டு ஒப்பந்தங்கள். களத்தில் பதினொருவர் வேண்டும் என்பதை அறிவித்தவர்கள் எண்ணிப் பார்த்தார்களா, தெரியவில்லை. இதையும் அந்தப் பெண்கள் நேசம் என்றுதான் சொன்னார்கள். வேலை முடித்து இரவில் பயிற்சிக்கு வந்ததும், சொந்தக் காசில் பேருந்து ஏறியதும் நேசம்தான். அது எவர் கண்ணிலும் கண்ணாடிச் சில்லை ஏற்றவில்லை. நேசத்தின் அளவைப் பிறர் கொடுத்த விலையில் காட்டுவதா, தான் கொடுத்த விலையில் காட்டுவதா என்ற வேறுபாட்டை நான் இங்கே பார்க்கிறேன். ஆனால் பெண்ணின் நேசமென்றால் தியாகம் என்று சொல்லிச் சம்பளத்தை மறுக்கவும் இதே பேச்சு பயன்பட்டது. அதனால் இரண்டாவதை அப்படியே போற்றிவிடவும் என்னால் முடியாது.

2021 ஜனவரியில் முதல் தொழில்முறைப் பெண்கள் பட்டத்துக்கான இறுதியில் மீண்டும் போகாவும் ரிவரும். போகா 7-0 என வென்றது. பெருந்தொற்றுக் காலம், இருக்கைகள் காலி. அந்த வெறுமையில் ஆட்டக்காரிகள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரலும் பந்து காலில் படும் ஓசையும்தான் கேட்டிருக்கும். இரு கிளப்புகளின் நிறங்களையும் அவர்கள் வாங்கிக்கொண்டுவிட்டார்கள். கோழி என்ற வசையையும், தெருமுனைக் கல்லையும் சேர்த்து வாங்கிக்கொள்ளப் போகிறார்களா என்பது இருக்கைகள் நிரம்பும் நாட்களில்தான் தெரியவரும்.