மூச்சுத் திணறுகிறவர் அருகில்



சுவாசம் தேவன் தந்த ஈவு. அதற்காகத் தவிக்கிறவர் வீட்டுக்கு ஜெபிக்கப் போய், நாம் என்ன செய்கிறோம்? பத்துப் பேராய்க் கட்டிலைச் சூழ்ந்து, காற்று வரும் ஜன்னலையும் மறைத்து நிற்கிறோம். நானும் அப்படி நின்றவன்தான்.

ஒரு சகோதரியின் மாமனார், பல வருஷம் பீடி குடித்து நுரையீரல் கெட்டவர். மூச்சு வாங்கியதும் அவள் அவரைப் படுக்க விடவில்லை. உட்காரவைத்து, முன்னால் தலையணை வைத்துச் சாயச் சொன்னாள். "மாமா, மூக்கால இழுங்க. விளக்கை ஊதுற மாதிரி உதட்டைக் குவிச்சு மெதுவா விடுங்க" என்றாள். டாக்டர் குறித்த அளவுக்கு மேல் ஆக்ஸிஜனைக் கூட்டவில்லை. இந்த வியாதிக்காரர் பலருக்கு ஆக்ஸிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம் இருந்தால் போதும்; அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தால் கரியமில வாயு இரத்தத்தில் தேங்கி மயக்கமாகிவிடும்.

"விசுவாசிக்கு இன்ஹேலர் எதற்கம்மா?" என்று கேட்டேன். "ஜெபம் பண்ணிட்டுத்தான் கொடுக்கிறேன், பாஸ்டர். உதடு நீலமானா ஆஸ்பத்திரிக்கும் ஜெபத்தோடதான் தூக்கிட்டுப் போவேன்" என்றாள். வெட்கப்பட்டேன்.

பிரியமானவர்களே, ஜெபியுங்கள், மருந்தை நிறுத்தச் சொல்லாதிருங்கள். இரண்டு பேராய்ப் போங்கள், ஜன்னலைத் திறந்துவிடுங்கள். இராத்திரி கண்விழித்துத் தலையணையை உயர்த்துகிறதும் ஊழியமே. ஆமென்.