படைத்தவருக்கும் முந்தியதா எண்?

147,573,952,589,676,412,927. இரண்டை 67 முறை எழுதிப் பெருக்கி, அதில் ஒன்றைக் கழித்தால் இந்த 21 இலக்க எண் கிடைக்கும். பாரிசில் வாழ்ந்த மெரின் மெர்சென் என்ற துறவி 1644இல் வெளியிட்ட நூலில் இதைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்தார். ஒன்றும் தானும் தவிர வேறெதுவும் இதை மீதியின்றி வகுக்காது என்பது அதன் பொருள்.

மெர்சென் சொன்னது தவறு. ஆனால் அவர் இத்தகைய எண்களைத் தேடியதன் பின்னே ஒரு பழைய இறையியல் கேள்வி நிற்கிறது.

6ஐத் தவிர்த்து அதன் மற்றக் காரணிகளான 1, 2, 3 ஆகியவற்றைக் கூட்டினால் 6. இத்தகையதை நிறைவெண் என்பார்கள். 28, 496, 8128 ஆகியவையும் அப்படித்தான். 3, 7 போல, இரண்டின் அடுக்கில் ஒன்று குறைத்து வரும் ஒவ்வொரு பகா எண்ணிலிருந்தும் ஒரு நிறைவெண் பிறக்கும் என்று யூக்ளிட் நிறுவியிருந்தார். உலகம் ஆறு நாளில் படைக்கப்பட்டதால் 6 நிறைவெண் ஆகவில்லை, 6 நிறைவானது என்பதால்தான் படைப்பு ஆறு நாளில் முடிந்தது என்றார் புனித அகுஸ்தினார். எவ்வளவு துணிச்சலான விசுவாசம்! படைப்பே நிகழாதிருந்தாலும் 6 நிறைவெண்ணாகவே இருந்திருக்கும் என்றல்லவா ஆகிறது?

மெர்செனின் நண்பர் ரெனே டெக்கார்ட் இதற்கு நேர் எதிர். அரசன் தன் நாட்டுக்குச் சட்டம் இயற்றுவதுபோல் கணித உண்மைகளையும் கடவுளே நிறுவினார் என்று 1630இல் மெர்செனுக்குக் கடிதம் எழுதினார். அவை கடவுளைச் சாராதவை என்றால், விதிக்குக் கட்டுப்பட்ட ரோமக் கடவுள் ஜூபிட்டரின் நிலைக்கு அவரை இறக்கியதாகிவிடும் என்பது அவர் வாதம்.

அந்த 21 இலக்க எண்ணுக்குத் திரும்புவோம். அது பகா எண் அல்ல என்று 1876இல் எடுவார்த் லூக்கா நிறுவினார். வியப்பு என்னவென்றால், அதன் காரணிகளில் ஒன்றைக்கூட அவர் காணவில்லை. 1903இல்தான் அமெரிக்கக் கணிதவியலாளர் ஃபிராங்க் நெல்சன் கோல் 193,707,721 × 761,838,257,287 என்ற விடையைத் தந்தார். இடைப்பட்ட 27 ஆண்டுகள், எவரும் அறியாத இரண்டு எண்கள் உண்டென்பது மட்டும் உறுதியாகத் தெரிந்திருந்தது. மனித மனம் அவற்றை உண்டாக்கவில்லை என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டுமா? கடவுள் அறிந்திருந்தார் என்று நம்புபவர் சொல்லலாம். அதில் முரண் இல்லை. ஆனால் அறிவது வேறு, விருப்பப்படி ஆக்குவது வேறு. இந்த உண்மைகள் இறைவனின் விருப்பத்தில் அல்ல, அவருடைய அறிவில் உறைகின்றன என்ற தத்துவஞானி லைப்னிட்சின் நிலைதான் இங்கே பொருந்துகிறது.

டெக்கார்ட்டின் கணக்கே அதற்குத் துணை நிற்கிறது. இதுவரை கண்டறியப்பட்ட நிறைவெண்கள் அனைத்தும் இரட்டைப்படை. ஒற்றைப்படையில் ஒன்று இருக்கலாம் என்று கருதிய டெக்கார்ட், 1638இல் மெர்செனுக்கு எழுதியபோது 198,585,576,189 என்ற எண்ணைக் காட்டினார். அதன் காரணிகளுள் ஒன்றான 22,021 மட்டும் பகா எண்ணாக இருந்தால் போதும், அது நிறைவெண் ஆகிவிடும். ஆனால் 22,021 என்பது 19 × 19 × 61; யார் விரும்பினாலும் அது பகா எண் ஆகாது.

ஒற்றைப்படை நிறைவெண் ஒன்று உண்டா என்பதற்கு இன்றுவரை விடை இல்லை.